பனிக்குப் போகிறவருக்கு எந்தக் கையுறை?



மளிகை வியாபாரிக்கும் பனிச்சறுக்குக் கையுறைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் ஒரு காலத்தில் அந்த எண்ணம்தான் இருந்தது. ஆனால் நம் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் கார்த்திகை பிறந்துவிட்டால் மங்கி குல்லா, மப்ளர், ஸ்வெட்டர், கம்பளிக் கையுறை தொங்காத கடை குறைவு. ஐயப்ப பக்தர்கள் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஆரியங்காவு, அச்சன்கோவில் என்று போகும்போது வாங்குவார்கள். நானும் பருப்பு, மிளகாய் மூட்டைகளோடு இந்தச் சீசன் சரக்கையும் டஜன் கணக்கில் பல வருஷமாகக் கொடுத்து வருகிறேன். அந்தச் சரக்கில் நான் செய்த ஒரு தவறையும், அதன் பிறகு தெரிந்துகொண்டதையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கடந்த மார்கழியில் ஒரு நாள் சாயங்காலம். இலஞ்சியில் சில்லறை மளிகைக்கடை வைத்திருக்கும் என் வாடிக்கையாளரின் மகன் கடைக்கு வந்தார். பெங்களூரில் வேலை. புதிதாகத் திருமணம் ஆனவர்.

"அண்ணாச்சி, அடுத்த வாரம் நாங்க ரெண்டு பேரும் காஷ்மீர் போறோம். குல்மார்க்ல பனிச்சறுக்கு பழகணும்னு ஆசை. நல்ல கிளவுஸா ரெண்டு ஜோடி குடுங்க."

கடைப் பையன் உடனே கம்பளிக் கையுறைக் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தான். "ஏலே, அதை வை" என்றேன். அந்தத் தம்பியிடம், "இது உங்களுக்கு ஆகாது தம்பி. இதை நம்பிப் பனியில கையை வைக்காதீங்க" என்றேன். வந்த வியாபாரத்தை முதலாளியே விரட்டுகிறாரே என்று பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவனுக்கு 2016-ல் நடந்தது தெரியாது.

கேதார்நாத் போனபோது

2016 அக்டோபரில் நாங்கள் 14 பேர் கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை போனோம். கேதாரம் தேவாரப் பாடல் பெற்ற தலம். பத்ரி ஆழ்வார்கள் மங்களாசாசனம் செய்த திவ்ய தேசம். நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை உண்டு. பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து டில்லி, ஹரித்துவார், பிறகு பஸ்ஸில் ரிஷிகேஷ், ருத்ரபிரயாகை, குப்தகாசி என்று போய்ச் சேர்ந்தோம்.

புறப்படும்போது, "கையுறை என் பொறுப்பு" என்று பெருமையாகச் சொல்லி, என் கடைச் சரக்கில் இருந்தே 14 பேருக்கும் ஆளுக்கொரு ஜோடி கொடுத்தேன். பார்ப்பதற்குப் புசுபுசுவென்று கனமாக இருக்கும். கைக்கு அழகாகப் பிடிக்கும். அந்த 14 பேரில் என் சம்பந்தியும் ஒருவர். கடையம் பக்கம் 40 வருஷமாக மளிகைக்கடை நடத்துகிறவர். சர்க்கரை நோய் உண்டு. அவருக்குச் சற்று இறுக்கமாக இருந்தது. "இழுத்துப் போட்டா சரியாயிரும் சம்பந்தி" என்று நானே மாட்டிவிட்டேன்.

கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத்துக்குச் சுமார் 16 கிலோமீட்டர் ஏற்றம். லிஞ்சோலி தாண்டியதும் மழையும் பனியும் கலந்து அடிக்க ஆரம்பித்தது. கம்பளிக் கையுறை பஞ்சு போலத் தண்ணீரைக் குடித்தது. காற்று வேறு. எங்களில் பலர் ஈரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, கையைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டோம். சம்பந்தி கழற்றவில்லை. பெண் கொடுத்த வீட்டில் பிரியமாகக் கொடுத்ததை எல்லோர் முன்னாலும் கழற்றிப் போடுவது மரியாதையில்லை என்று நினைத்திருக்கிறார். இதை அவர் பிறகு என்னிடம் சொல்லவில்லை. என் மகளிடம் சொல்லியிருக்கிறார்.

மேலே போய்க் கையுறையைக் கழற்றியபோது அவர் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மெழுகுவர்த்தி போல வெளுத்திருந்தன. தொட்டால் தெரியவில்லை என்றார். மருத்துவ முகாமில் இருந்த டாக்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார். ரத்தம் திரும்பும்போது வலியில் அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் மறக்கமாட்டேன். டாக்டர் இந்தியில் சொன்னதை எங்களோடு வந்தவர் மொழிபெயர்த்தார்: "இந்த ஈரக் கையுறையைவிட வெறும் கையை அக்குளில் வைத்திருந்தாலே தேவலை."

விரல் போகவில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் கொப்புளம் வந்தது. ஊர் திரும்பிப் பல மாதம் அந்த இரண்டு விரலிலும் உணர்ச்சி சரியாக இல்லை. பொட்டலம் மடித்து, நூலைச் சுண்டி முடிச்சுப் போடும் கை அது. கடையில் அவர் மகன்தான் பொட்டலம் கட்டினார். சம்பந்தி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

குற்றாலம் சொல்லித் தரும் பாடம்

குளிர் எப்படி வேலை செய்கிறது என்பதை நாம் வேறெங்கும் போய்ப் படிக்க வேண்டாம். ஆனி, ஆடி சாரலில் பேரருவியிலோ ஐந்தருவியிலோ குளித்துவிட்டு வெளியே வரும் ஆளைப் பாருங்கள். அருவிக்குள் நிற்கும்வரை அவ்வளவாகத் தெரியாது. ஈர வேட்டியோடு வெளியே வந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று மேலே பட்டவுடன் பல் தந்தியடிக்கும். துவட்டி, உலர்ந்த துணி மாற்றினால் ஐந்து நிமிஷத்தில் நடுக்கம் நிற்கும். காற்றின் குளிர்ச்சி மாறவில்லை. மாறியது ஈரம் ஒன்றுதான்.

காரணம் இதுதான். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திவிடும். கம்பளி நம்மைக் காப்பாற்றுவது கம்பளியால் அல்ல. அதன் இழைகளுக்குள் அடைபட்டு நிற்கும் காற்றால். அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் காப்பு போய்விடும். அடைபட்ட காற்றை வெளிக்காற்று அடித்துக்கொண்டு போனாலும் போய்விடும். தென்காசி கோயில் கோபுர வாசலில் வீசும் காற்றில் சால்வை போர்த்தி நின்றவர்களுக்கு இது தெரியும்.

மூன்றாவது எதிரி இறுக்கம். இறுக்கமான கையுறையில் காற்றுக்கு இடமில்லை. விரலுக்குப் போகும் ரத்தமும் தடைபடும். ஆக ஈரம், காற்று, இறுக்கம் என்ற மூன்றையும் தடுப்பதே நல்ல கையுறை. கனமும் புசுபுசுப்பும் நல்ல கையுறைக்கு அடையாளமே அல்ல. என் சம்பந்திக்கு நான் கொடுத்ததில் இந்த மூன்று குறையும் இருந்தன.

உயரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6 டிகிரிக்கு மேல் இறங்கும். கேதார்நாத் சுமார் 3,580 மீட்டர் உயரம். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். அங்கே ரோப் காரில் ஏறினால் ஏறக்குறைய 4,000 மீட்டருக்குப் போய்விடலாம். பத்ரிநாத் வழியில் உள்ள ஜோஷிமட்டுக்கு மேலே அவுலி என்ற பனிச்சறுக்கு இடம் 2,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டு அங்கே நடந்தது. குல்மார்க்கில் 2020-ல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டு தொடங்கியது. அந்தப் பகுதியைச் சேர்ந்த ஆரிஃப் கான் 2022 பீஜிங் ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் இந்தியாவுக்காக இறங்கினார். அதன் பிறகு பனிச்சறுக்கு என்ற பேச்சு நம் ஊர்ப் பிள்ளைகள் வாயிலும் வருகிறது. நம் கடைக்கும் வருகிறது.

ஐந்து விரலா, ஒரே பையா?

பனிக்கான கையுறை இரண்டு ஜாதி. ஒன்று நமக்குத் தெரிந்த ஐந்து விரல் கையுறை. இன்னொன்று, கட்டைவிரலுக்கு ஒரு அறை, மற்ற நான்கு விரலுக்கும் சேர்த்து ஒரே அறை வைத்தது. பிறந்த குழந்தைக்கு மாட்டுவோமே, அந்த மாதிரி. இதை மிட்டன் என்பார்கள்.

இதில் எது கதகதப்பு என்று, லடாக் பக்கம் வேலை பார்த்துவிட்டு விடுமுறையில் வந்த ராணுவத் தம்பி ஒருவரிடம் கேட்டேன்.

"சந்தேகமே இல்ல அண்ணாச்சி, மிட்டன்தான். ஒரே போர்வைக்குள்ள நாலு பிள்ளைய படுத்தா ஒண்ணுக்கொண்ணு சூடு குடுக்கும். ஆளுக்கொரு துண்டைப் போத்திக்கிட்டுத் தனித்தனியா படுத்தா நாலும் நடுங்கும். விரலும் அப்படித்தான்" என்றார்.

இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தனித்தனி விரலாகப் பிரித்தால் குளிர்காற்று படும் பரப்பு கூடுகிறது. பக்கத்து விரலின் சூடும் கிடைப்பதில்லை.

"அப்படியானால் எல்லோரும் மிட்டனே போடலாமே" என்றேன்.

"அதுல வேலை பார்க்க முடியாது அண்ணாச்சி. ஜிப் இழுக்க, பூட்ஸ் கொக்கி மாட்ட, போன் எடுக்க விரல் வேணும். ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்டினா உள்ள இருந்த சூடு போயிரும். அதனாலதான் துப்பாக்கி விசைக்கு ஒரு விரல் மட்டும் தனியா வச்ச மிட்டனும் உண்டு."

ஆகவே இரண்டில் எது உயர்ந்தது என்பதல்ல கேள்வி. வாங்குகிறவர் என்ன வேலை செய்யப் போகிறார் என்பதே கேள்வி. பந்தயத்தில் சறுக்குகிறவர்கள் இரண்டு கையிலும் கோலைப் பிடித்துத் திருப்ப வேண்டும். அவர்கள் விரல் கையுறையே போடுகிறார்கள். கீழே விழுந்து விழுந்து பழகும் புதியவர், எளிதில் குளிர்ந்துவிடும் கை உள்ளவர், சிறு பிள்ளைகள் இவர்களுக்கு மிட்டன் நல்லது. இரண்டுக்கும் நடுவில், இரண்டிரண்டு விரலாகச் சேர்த்த மூன்று அறைக் கையுறையும் சந்தையில் இருக்கிறது. மிட்டனைவிட வேலைக்கு வாகு. விரல் கையுறையைவிடக் கதகதப்பு.

உள்ளே என்ன இருக்கிறது?

நல்ல பனிக் கையுறையைப் பிரித்துப் பார்த்தால் மூன்று அடுக்கு இருக்கும்.

வெளி அடுக்கு நைலான் போன்ற கெட்டித் துணி, உள்ளங்கையில் தோல். காற்றையும் பனியையும் தடுப்பது இது. தோல் நல்லதுதான், கோலும் கயிறும் வழுக்காமல் பிடிக்கும். ஆனால் அவ்வப்போது மெழுகு தடவிப் பராமரிக்காவிட்டால் நனையும். தோல் என்று சொல்லி ரெக்சினைக் கொடுப்பதும் நடக்கிறது. ரெக்சின் கடுங்குளிரில் விறைத்துப் போகும். மடியும் இடத்தில் வெடிக்கும். அறுத்த ஓரத்தைப் பாருங்கள். தோலில் நார் தெரியும். ரெக்சினில் அடியில் நெய்த துணி தெரியும்.

நடு அடுக்கு சூட்டுக்கானது. பாலியஸ்டர் பஞ்சு வைத்தது ஈரமானாலும் ஓரளவு காக்கும், சீக்கிரம் உலரும். வாத்து இறகு வைத்தது மிக லேசு, மிகச் சூடு; ஆனால் நனைந்தால் கட்டி தட்டிவிடும். மழையும் பனியும் கலந்து பெய்யும் இடத்துக்கு அது உதவாது. வெளி அடுக்குக்கும் இதற்கும் இடையில் மெல்லிய ஜவ்வு ஒன்று வைப்பார்கள். நம் வீட்டு நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசும் பொருளை, அமெரிக்காவில் ராபர்ட் கோர் என்பவர் 1969-ல் வெடுக்கென்று இழுத்து நீட்டிப் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கொண்ட ஜவ்வாக அது மாறியது. வியர்வை ஆவி அந்தத் துளை வழியாக வெளியே போகும். தண்ணீர்த் துளி உள்ளே வராது. 1976 முதல் கோர்-டெக்ஸ் என்ற பெயரில் உடைகளுக்கு வந்தது. இப்போது வேறு பல கம்பெனிகளும் இதுபோன்ற ஜவ்வு வைக்கின்றன. வெறுமனே தண்ணீரை விலக்கும் பூச்சு என்பது வேறு, தண்ணீரே புகாத ஜவ்வு என்பது வேறு. பூச்சு சாரலுக்குத் தாங்கும்; விழுந்து பனியில் கையூன்றிக்கொண்டே இருப்பவருக்குத் தாங்காது. சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும்.

உள் அடுக்கு மென்துணி. இதைத் தனியாகக் கழற்றும்படி வைத்தது மிக நல்லது. ராத்திரி தனியாக உலர்த்தலாம். போன் எடுக்க வெளிக் கையுறையைக் கழற்றினாலும் இது கையில் இருக்கும். நம் கடையில் தொங்கும் மெல்லிய கம்பளிக் கையுறைக்கு உண்மையான இடம் இதுதான். தனியாகப் போட்டால் அது பாதுகாப்பில்லை. உள்ளே போட்டால் அருமையான சரக்கு.

கம்பளி என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். ஆட்டு ரோமம் முடி கருகும் வாடை அடிக்கும்; சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். அக்ரிலிக்கை விற்கக் கூடாது என்று சொல்லவில்லை. அக்ரிலிக் என்று சொல்லி விற்க வேண்டும்.

அளவு பார்க்கும் முறை

டேப்பை எடுத்துக் கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் மொக்குக்குக் கீழே உள்ளங்கையைச் சுற்றி அளக்க வேண்டும். எத்தனை அங்குலமோ, நம்பர் போட்ட கையுறையில் பெரும்பாலும் அதுவே நம்பர். 8 அங்குலம் என்றால் 8-ஆம் நம்பர். ஆனால் இது தொடக்கம்தான். மாட்டிப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

உள் கையுறையையும் சேர்த்து மாட்டச் சொல்லுங்கள். விரல் நுனியில் கால் அங்குலம் இடம் இருக்க வேண்டும். முஷ்டி பிடித்தால் மேல்பக்கம் இழுக்கக் கூடாது. ஒரு குடைக் கம்பைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு கழற்றச் சொல்லுங்கள். வியர்த்த கையோடு உள் துணியும் சேர்ந்து வெளியே உருவிக்கொண்டு வந்தால் அந்தச் சரக்கு வேண்டாம். பனியில் அதைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டிருக்க முடியாது. இரண்டு நம்பருக்கு நடுவில் சந்தேகம் வந்தால் பெரியதைக் கொடுங்கள்.

மணிக்கட்டையும் கவனிக்க வேண்டும். சறுக்கப் பழகுகிறவருக்குக் கோட்டுக் கையின் மேல் ஏறி மூடும் நீளக் கை வேண்டும். இல்லாவிட்டால் விழும்போதெல்லாம் பனி உள்ளே போகும். நடப்பவருக்குக் கோட்டுக்குள் அடங்கும் குட்டைக் கை போதும். மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் கயிறு இருந்தால், ரோப் காரில் இருந்து கையுறை பள்ளத்தில் விழாது. ஒரு கையுறை தொலைந்தால் ஜோடியே தொலைந்த மாதிரிதான்.

எங்கே போகிறீர்கள் என்று கேளுங்கள்

கையுறை கேட்டு வருகிறவரிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியதல்ல. எங்கே, எந்த மாதம், எப்படிப் போகிறார் என்பதுதான். என் அனுபவத்தில் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்:

1. சபரிமலை, ஊட்டி, கொடைக்கானல்: சாதாரணக் கம்பளிக் கையுறையே போதும்.

2. கேதார்நாத் நடந்து போகிறவர்: உள்ளே மெல்லிய கம்பளி, மேலே தண்ணீர் புகாத விரல் கையுறை. கைத்தடி பிடிக்க வேண்டும். உள் கையுறை இரண்டு ஜோடி வேண்டும். ஒன்று நனைந்தால் மாற்ற.

3. குதிரையில் போகிறவர்: விரல் கையுறை, பிடி நன்றாக இருக்கும் உள்ளங்கையோடு. சேணத்தை விடாமல் பிடிக்க வேண்டும்.

4. டோலியில் உட்கார்ந்து போகும் முதியவர்: மிட்டன். நடப்பவருக்கு உடம்பு தானே சூடாகும்; உட்கார்ந்திருப்பவருக்கு ஆகாது. வயதானவர் என்றால் விலை குறைந்ததைக் கொடுப்பது நம் வழக்கம். அவருக்குத்தான் நல்லது வேண்டும்.

5. பனிச்சறுக்கு பழகப் போகிறவர்: ஜவ்வு வைத்த நீளக் கை மிட்டன் அல்லது கனமான விரல் கையுறை. கோட்டு, பூட்ஸ், பலகை எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். கையுறையை மட்டும் சொந்தமாகக் கொண்டு போவது நல்லது. முந்தின ஆள் கழற்றிய ஈரத்தோடு வாடகைக் கையுறை வந்தால் அன்றைய பொழுது வீண்.

6. சர்க்கரை நோய், ரத்த ஓட்டக் குறை உள்ளவர்: எங்கே போனாலும் மிட்டன், தளர்வாக. அவர்களுக்கு விரல் மரத்துப்போவது தாமதமாகத்தான் தெரியும். முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

மளிகைக்கடையிலேயே இருக்கும் மாற்று

எல்லோராலும் விலை கூடிய கையுறை வாங்க முடியாது. வருஷக்கணக்காகச் சீட்டுப் போட்டு யாத்திரை போகும் பாட்டிக்கு என்ன சொல்வது? நம் கடையிலேயே ஒரு வழி தொங்குகிறது. பாத்திரம் தேய்க்கப் போடும் ரப்பர் கையுறை. அதில் மிகப் பெரிய அளவாகப் பார்த்து, கம்பளிக் கையுறைக்கு மேல் தளர்வாக மாட்டினால் மழையும் காற்றும் உள்ளே வராது. பார்க்க நன்றாயிருக்காது, ஆனால் வேலை செய்யும். வியர்வை வெளியே போக வழியில்லாததால் சில மணி நேரத்தில் உள்ளே ஈரம் சேரும். அதனால் மழை அடிக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டு, நின்றதும் கழற்றிவிட வேண்டும். மேல் கையுறை இறுக்கமாக இருந்தால் போடவே கூடாது. முழு நாள் பனிச்சறுக்குக்கும் இது ஆகாது. 2016-ல் இந்த யோசனை எனக்கு இருந்திருந்தால், பதினான்கு ஜோடி ரப்பர் கையுறையில் காரியம் முடிந்திருக்கும்.

விற்கும்போது சொல்லி அனுப்ப வேண்டியவை

விரல் குளிர்ந்து வலிப்பது முதல் எச்சரிக்கை. வலி நின்று மரத்துப்போனால் அது சுகமல்ல, ஆபத்து. விரல் வெளுத்தால் உடனே ஈரத்தைக் கழற்றி, கையை அக்குளில் வைத்துக்கொண்டு காற்றடிக்காத இடத்துக்குப் போக வேண்டும். பனியை வைத்துத் தேய்க்கக் கூடாது. நெருப்பில் காட்டக் கூடாது. மரத்த விரல் வேகுவதுகூடத் தெரியாது. மீண்டும் உறையும் அபாயம் இல்லாத இடத்தில், உடம்புச் சூடு அளவான, 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கலாம். டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். பீடி, சிகரெட் விரலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும்.

இன்னொன்று. நெஞ்சும் தலையும் குளிர்ந்தால் உடம்பு முதலில் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். ஆகவே கை குளிர்கிறது என்று கையுறையை மட்டும் மாற்றிப் பயனில்லை. குல்லாவும் ஸ்வெட்டரும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கொள்முதல் செய்யும் நண்பர்களுக்கு

பனிச்சறுக்குக் கையுறையை டஜன் கணக்கில் வாங்கி அடுக்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் ஊரில் அது முடங்கும் முதல். கம்பளிச் சரக்குக்கு லூதியானா, தோல் கையுறைக்குக் கொல்கத்தா என்று கொள்முதல் இடங்கள் இருக்கின்றன. தோல் பதனிடுவதில் நம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்கு நிகரில்லை. ஆனால் வாடிக்கையாளர் கேட்டு, அளவெடுத்த பிறகு ஓரிரு ஜோடி வரவழைப்பதே புத்திசாலித்தனம். மாதிரிக்கு ஒரு மிட்டன், ஒரு விரல் கையுறை கடையில் இருந்தால் போதும். உள்ளே போடும் கம்பளி மட்டும் இருப்பு வையுங்கள். டஜனில் ஒரே நம்பராக வராமல் 7 முதல் 10 வரை கலந்து கேளுங்கள்.

இப்போது எல்லாம் செல்போனில் வாங்குகிறார்கள், நம்மிடம் யார் வருகிறார்கள் என்று சங்கக் கூட்டத்தில் வருத்தப்படுகிறோம். போனுக்குள் கையை நுழைத்துப் பார்க்க முடியாது. வாங்குகிறவருக்குச் சர்க்கரை இருப்பதும், தாயாரை டோலியில் வைத்துக் கூட்டிப்போகிறார் என்பதும் அதற்குத் தெரியாது. நமக்குத் தெரியும், கேட்டால் சொல்லுவார்கள். கேட்காமல் கட்டைப் பிரித்தோமானால் நமக்கும் போனுக்கும் வித்தியாசம் இல்லை.

அந்த இலஞ்சித் தம்பிக்கு நான் பில் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: ஜவ்வு வைத்தது, நீளக் கை, தனியாகக் கழலும் உள் துணி, கால் அங்குல இடம், மனைவிக்கு மிட்டன். வெளிக் கையுறையைப் பெங்களூரில் வாங்கிக்கொண்டார். என்னிடம் உள்ளே போட இரண்டு ஜோடி கம்பளி மட்டும்தான். "பெரிய வியாபாரம் போச்சே அண்ணாச்சி" என்றான் பையன். தை மாதம் அந்தத் தம்பி ஊருக்கு வந்தபோது கடைக்கு வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுப் போனார். பத்து விரலும் பத்திரமாக இருந்தன.

சம்பந்தி இப்போது மறுபடியும் பொட்டலம் கட்டுகிறார். ஐப்பசி மழையில் குளிர் கூடினால் அந்த இரண்டு விரலை மட்டும் தேய்த்துக்கொள்வார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோய்விடுவார். அதனால்தான் சொல்கிறேன்: விற்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கேளுங்கள். எங்கே போகிறீர்கள், எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் கட்டைப் பிரியுங்கள்.